குழுவில் வந்த புகாரை அழித்துவிடலாமா?

வீட்டிலிருந்தே வியாபாரம்: வாசகர் கேள்வி பதில்

மதுரை மகால் பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே பத்து வருடமாகச் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்று வருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களைப் பற்றியவை. அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

என்னிடம் 410 பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. தினமும் நைட்டி, சுடிதார் மெட்டீரியல் என்று முப்பது போட்டோ போடுகிறேன். வாரத்துக்கு இரண்டு ஆர்டர் வந்தாலே பெரிது. இன்னும் ஆள் சேர்க்க என்ன செய்யலாம்?
– மேலூர் வாசகி

தங்கச்சி, ஆள் போதும். என் குரூப்பில் முதல் இரண்டு வருடம் 140 பேர்தான். அதிலேயே மாதம் எழுபது எண்பது சேலை போனது. ஒரு வாரம் உங்கள் குரூப்பில் யார் யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் போட்டோ போடுகிறீர்கள், ஒருவர் "விலை?" என்று கேட்கிறார், "இன்பாக்ஸ் வாங்க" என்கிறீர்கள், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறதா? அப்படி நடந்தால் மற்றவர்களுக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. மியூட் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

முதலில் விலையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி படத்தின் கீழேயே எழுதுங்கள். முப்பது படத்தை நான்காகக் குறையுங்கள். அப்புறம், ஏற்கெனவே வாங்கியவர்களைப் பேச விடுங்கள். இதுதான் முக்கியம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை போட்டிருந்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படம், அதில் எலுமிச்சை நிறமாகத் தெரிந்தது. "நான் கேட்டது இந்த நிறமில்லை" என்று அடுத்தடுத்து மூன்று சேலை திரும்பி வந்தன. தேனியில் இருக்கும் ஒரு அக்கா, அதே சேலையைச் சாயங்காலம் நாலு மணி வெயிலில் மொட்டை மாடிக் கொடியில் போட்டு, பக்கத்தில் ஒரு மாம்பழத்தையும் வைத்துப் படம் எடுத்து குரூப்பில் போட்டார். நான் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த நிறத்தில் ஒரு சேலைகூடத் திரும்பி வரவில்லை. நிறம், துணியின் கனம், கட்டினால் உப்புகிறதா என்பதையெல்லாம் கடைக்காரி சொன்னால் பாதிதான் நம்புவார்கள். கட்டிப் பார்த்தவள் சொன்னால் முழுசாக நம்புவார்கள்.

உங்கள் நைட்டிக்கும் இது பொருந்தும். எக்ஸ்எல் என்றால் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு அளவு. ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள ஒருவரையும், ஐந்தடி ஆறு அங்குலம் உள்ள ஒருவரையும் நைட்டி எதுவரை வருகிறது என்று குரூப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். "கணுக்கால் தெரியுது", "பாதம் வரைக்கும் வருது" என்ற இரண்டு வரி போதும், உங்களுக்கு வரும் பாதிக் கேள்வி குறைந்துவிடும். வாங்கியவர்கள் அனுப்பும் படத்தை வேறு எங்கே போடுவதாக இருந்தாலும் அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். முகம் தெரியும் படமென்றால் கட்டாயம் கேளுங்கள்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். மகன் ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கிக் கொடுத்தான், 900 பேர் இருக்கிறார்கள். போன வாரம் ஒரு அம்மா, ஒரே துவைப்பில் சாயம் போய்விட்டது என்று படத்தோடு போட்டுவிட்டார். கீழே நாற்பது கமெண்ட். அழித்துவிடலாம் என்கிறான் மகன். அழிக்கலாமா?
– சின்னாளபட்டி வாசகர்

அண்ணே, அழிக்காதீர்கள். இந்தப் பதில் மற்றதைவிட நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 ஐப்பசியில் எனக்கும் இதே நிலைமை வந்தது. ராத்திரி பத்தரை மணி. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குரூப்பில் ஒரு படம் போட்டார். வாளி நிறைய ரத்தம் மாதிரி தண்ணீர், பக்கத்தில் ரோஸ் நிறமாகிப்போன வெள்ளைப் பாவாடை. "நம்பி வாங்கினேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். அரக்கு உடலில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை அது. தீபாவளிக்காக எடுத்தது. அழிக்கத்தான் விரல் போனது. ஆனால் அறுபது பேர் அதற்குள் பார்த்துவிட்டார்கள். காலையில் படம் இல்லையென்றால் அந்த அறுபது பேரும் என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்கள்? இரண்டு வரி எழுதினேன். "சாயக்காரரைப் பார்த்துவிட்டு நாளைக் காலை பத்து மணிக்கு இங்கேயே சொல்கிறேன். இதே அரக்கு வாங்கிய 11 பேரும் அதுவரை நனைக்க வேண்டாம்."

விடிவதற்குள் காரைக்குடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் குரலில் பதிவு அனுப்பியிருந்தார். கல் உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள், தனியாக அலசுங்கள், நிழலில் உலர்த்துங்கள் என்று நிதானமாகச் சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு பேர், தங்கள் சேலையிலும் லேசாக இறங்கியதாக எழுதினார்கள். எனக்கு அப்போதுதான் இது ஒரு சேலையின் குறையில்லை, அந்தத் தொட்டியில் நனைந்த மொத்தத்தின் குறை என்று புரிந்தது. அந்தப் படத்தை அழித்திருந்தால் மற்ற இருவரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

போனை எடுத்துக்கொண்டு நேரே சாயக்காரரிடம் போனேன். கையில் மீதியிருந்த ஒரு அரக்குச் சேலையை விரித்தார். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, முந்தியின் ஓரத்தில் நாலு தேய் தேய்த்தார். துணி சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உப்பெல்லாம் சாயத்தைப் பிடிச்சு வைக்காதும்மா. நூலோட ஒட்டாம மேலாக நிக்கிற சாயத்தை முழுசா அலசி எடுக்கணும். மழை விடாமப் பெஞ்சுச்சு, காயப்போட இடமில்ல, அவசரம் வேற. ரெண்டு அலசோட விட்டுட்டேன். என் தப்புதான்." இதைக் குரூப்பில் போடலாமா என்று கேட்டேன். போடச் சொன்னார், மறுபடியும் ஒரு தடவை போனில் பதிவுக்காகவே பேசினார்.

பத்து மணிக்கு அதைப் போட்டேன். சேலையைத் திருப்பி அனுப்ப விரும்புகிறவர்கள் அனுப்பலாம், மறுபடி அலசித் தருகிறோம், இரண்டு பக்கக் கூரியர் செலவும் என்னுடையது என்று எழுதினேன். பதினொன்றில் நாலு வந்தது. கோயம்புத்தூர்க்காரருக்குச் சேலைப் பணத்தோடு பாவாடைக்கு 180 ரூபாயும் சேர்த்து அனுப்பினேன். சேலை, கூரியர், பாவாடை எல்லாம் சேர்த்து அந்தத் தீபாவளி லாபத்தில் பெரிய துண்டு போய்விட்டது. ஆனால் அந்த வாரமே அவர் குரூப்பில் ஒரு யோசனை எழுதினார். "அடர் நிறம் எது போட்டாலும், விற்கிறதுக்கு முன்னாடியே இந்த ஈரத்துணித் தேய்ப்பை படம் எடுத்துப் போட்டுருங்களேன்." அன்றிலிருந்து இன்றுவரை அரக்கு, கருநீலம், கரும்பச்சை எது வந்தாலும் முதல் படம் சேலை இல்லை, தேய்த்த வெள்ளைக் கைக்குட்டைதான். புதிதாகச் சேருகிறவர்கள் துவைக்கும் முறை கேட்டால், நான் போனை எடுப்பதற்குள் அந்தக் கோயம்புத்தூர் அம்மாவே பதில் எழுதியிருப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பதிவின் கீழேயே, எல்லாரும் பார்க்க, இன்றைக்கே பதில் எழுதுங்கள். முகவரி, வங்கிக் கணக்கு விவரம் மட்டும் தனியாகக் கேளுங்கள். 2020ஆம் ஆண்டு வந்த இணைய வணிக நுகர்வோர் விதிகள், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. குழுவில் 48 மணி நேரமெல்லாம் ரொம்ப அதிகம், ஒரு ராத்திரிக்குள் பேச்சு எங்கெங்கோ போய்விடும். சில சமயம் வாங்கியவர் பேரில் தவறு இருக்கலாம், வெந்நீரில் பவுடர் போட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்திருப்பார். அதை நீங்களே முதல் ஆளாகச் சொல்லாதீர்கள். எப்படித் துவைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள், மற்ற பெண்கள் சொல்லிவிடுவார்கள். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் அந்த வரியை நீக்கலாம், ஏன் நீக்கினீர்கள் என்று எழுதிவிட்டு.

உங்கள் மகனிடம் இதை வாசிக்கக் கொடுங்கள்.

பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். இணைய வணிகமும் வாடிக்கையாளர் குழுக்களும் என்று பிராஜெக்ட். பெரிய நிறுவனங்களும் இப்படிக் குழுக்களை நம்பித்தான் வளர்ந்தனவா, அல்லது சின்ன வியாபாரிகளுக்கு மட்டுமா இது?
– திருப்பரங்குன்றம் மாணவி

பெரிய கம்பெனிகள் சின்னதாக இருந்தபோது இப்படித்தான் வளர்ந்தன. ஈபே என்பது ஆட்கள் தங்களுக்குள் பொருள் விற்று வாங்கும் இணையத் தளம், 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் தொடங்கியது. முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்பணம் அனுப்பி, இன்னொரு ஊரிலிருந்து பழைய பொருள் வாங்க வேண்டும். நம்ம விளக்குத்தூண் கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம், கடைக்காரரின் முகத்தையாவது பார்க்கலாம். அங்கே இரண்டும் கிடையாது. அதனால் 1996இல் வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாருக்கும் தெரிய எழுதும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இன்று எந்தத் தளத்துக்குப் போனாலும் நட்சத்திரமும் விமர்சனமும் பார்க்கிறோமே, அதற்கு முன்னோடிகளில் ஒன்று அது.

எனக்கு அதைவிடப் பிடித்த கதை ஜிம் கிரிஃபித்துடையது. ஈபேயின் அரட்டைப் பலகையில் "அங்கிள் கிரிஃப்" என்ற பெயரில் புது ஆட்களுக்குச் சந்தேகம் தீர்த்துக்கொண்டிருந்த ஒரு சாதாரணப் பயனாளர். ஒரு பைசா வாங்காமல் அவர் செய்ததைப் பார்த்து, வாடிக்கையாளர் சேவைக்கு அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் காரைக்குடி டீச்சரை நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று லெகோ, குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டைகள் செய்யும் டென்மார்க் நிறுவனம். யார் வேண்டுமானாலும் ஒரு மாதிரி செய்து அவர்கள் தளத்தில் போடலாம். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கும். விற்பனைக்கு வந்தால் யோசனை சொன்னவருக்கு நிகர விற்பனையில் ஒரு சதவீதம் கிடைக்கும். நாங்கள் செய்வதும் அந்த மாதிரிதான். மடிசாருக்குப் பத்து கஜத்தில் சுங்குடி கிடைக்குமா என்று ஒரு மாமி கேட்டார். யாருக்கெல்லாம் வேண்டும் என்று குரூப்பில் கேட்டேன். 23 பேர் கை தூக்கினார்கள், பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தார்கள். அப்புறம்தான் துணிக்கே சொன்னேன். ஒரு சேலைகூட அலமாரியில் தங்கவில்லை. கையில் முதல் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு, தேங்கிய சரக்கைப் போலப் பயமுறுத்துவது வேறில்லை.

பிராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை. உங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவை அனுமதியோடு ஒரு மாதம் கவனியுங்கள். வந்த கேள்விகளில் எத்தனைக்கு விற்பவர் பதில் சொன்னார், எத்தனைக்கு உறுப்பினர்கள் சொன்னார்கள் என்று தனித்தனியாக எண்ணுங்கள். அந்த மாதம் திரும்பி வந்த பொருள் எத்தனை என்றும் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்.

வீட்டில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கருவேப்பிலைப் பொடி செய்து விற்கிறேன். புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறேன். சொந்தக்காரர்களையே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லலாமா? எல்லாரும் செய்கிறார்களே.
– திருமங்கலம் வாசகி

வேண்டாம்மா. நான் மேலே சொன்ன அதே 2020 விதிகளில், விற்பவர் தன்னை வாங்கியவராகக் காட்டிக்கொண்டு விமர்சனம் எழுதக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. சொந்தக்காரர்களை விட்டு எழுத வைப்பதும் அதே ஏமாற்றுத்தான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். "சூப்பர்", "அருமை", "வேற லெவல்" என்று ஒரே நாளில் பதினைந்து வந்தால் படிப்பவர்களுக்குத் தெரியாதா?

சொந்தக்காரர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். ஆளுக்கு ஐம்பது கிராம் பொட்டலமாகக் கொடுத்து, அவர்கள் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் "காரம் கொஞ்சம் தூக்கல், எண்ணெய் நிறைய விட்டுச் சாப்பிடணும்" என்று எழுதட்டும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் காரம் பிடித்தவர்கள் தேடி வருவார்கள். பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண், தயாரித்த தேதி இரண்டும் இருக்கட்டும். குழுக்களில் இப்போது முதல் கேள்வியே அந்த எண்தான்.

ஃபேஸ்புக்கில் ஒரு பக்கத்தில் "கைமுடிச்சு மதுரைச் சுங்குடி, 650 ரூபாய்" என்று பார்த்துப் பணம் அனுப்பினேன். வந்தது சாதாரண பிரிண்ட் சேலை. கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். இனி எப்படி நம்பி வாங்குவது?
– சோழவந்தான் வாசகி

படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரோ உங்களை ஏமாற்றினால் இங்கே உட்கார்ந்து முடிச்சுப் போடும் பெண்களுக்கும் சேர்த்துத்தான் அடி விழுகிறது.

கைமுடிச்சு என்றால் துணியை விரலால் ஒவ்வொரு புள்ளியாகக் கிள்ளி எடுத்து, நூலால் சுற்றிக் கட்டி, அப்புறம் சாயத்தில் முக்குவது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. 650 ரூபாய் முடிச்சுக் கூலிக்கே கட்டாது. புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, கை வைத்தால் மேடு தட்டும், பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே நிறம் ஏறியிருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சு மாதிரி ஒரே அளவில், பின்பக்கம் வெளிறி இருந்தால் அது பிரிண்ட். பிரிண்ட் வாங்குவதில் தவறே இல்லை, நானும் விற்கிறேன், பிரிண்ட் என்று சொல்லி.

அடுத்த முறை பணம் அனுப்புவதற்கு முன், நீங்கள் இருக்கும் ஏதாவது ஒரு சேலைக் குழுவில் அந்தப் பக்கத்தின் படத்தைப் போட்டு "யாராவது வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் பதில் வரும். ஏமாந்த இன்னொருவர் அங்கே இருப்பார். கமெண்ட்டை மூடி வைத்திருக்கும் பக்கத்தில் வாங்காதீர்கள். பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் கடையின் பெயரோடோ, விற்பவர் சொன்ன பெயரோடோ ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இப்போது நடந்ததற்கு, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போகிற மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930, அதுவும் உடனே. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கும் வாய்ப்பு அதிகம். பணம் அனுப்பிய ரசீது, அந்த விளம்பரப் படம், பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

குரூப் மூலம் பெங்களூரிலிருந்து ஆர்டர் வருகிறது. ஜிஎஸ்டி இல்லாமல் அனுப்பலாமா? மூங்கில் கூடை முடைகிறேன்.
– உசிலம்பட்டி வாசகர்

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்க வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. வெளிமாநிலம் என்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு, அதற்கும் பான் எண், இ-வே பில் (சரக்கு அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் சீட்டு) என்று நிபந்தனைகள் உண்டு. உங்கள் கூடை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள் தம்பி.

என் குரூப்பில் வேறு வியாபாரிகள் புகுந்து, உறுப்பினர்களின் நம்பரை எடுத்துத் தனியாக மெசேஜ் அனுப்புகிறார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். என்ன செய்வது?
– மதுரை, புதூர் வாசகி

வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் ஒருவர் நம்பர் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் அதிகமுள்ள குரூப்பில் இது சின்ன விஷயமில்லை. நான் இரண்டாகப் பிரித்துவிட்டேன். புதுச் சரக்கு, விலை, விடுமுறை எல்லாம், பல குரூப்பை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் போடுகிறேன். அங்கே மற்ற உறுப்பினர்களுக்கு நம்பர் தெரியாது. பேச விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு குரூப், அதில் ஏற்கெனவே இருக்கும் ஒருவர் சொன்னால்தான் புது ஆளைச் சேர்ப்பேன். சேரும்போதே, உங்கள் நம்பர் இங்கே மற்றவர்களுக்குத் தெரியும், சம்மதமா என்று கேட்டுவிடுவேன். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும்.

நம்பர் எடுத்தவர்களைக் கேள்வி கேட்காமல் நீக்குங்கள். வெளியேறிய இரண்டு பேருக்கும் நீங்களே போன் செய்து மன்னிப்புக் கேளுங்கள், மெசேஜ் வேண்டாம்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். உங்கள் உறுப்பினர்களிலேயே விற்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள். எங்கள் குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை யார் வேண்டுமானாலும் தங்கள் பொருளைப் போடலாம். ஆளுக்கு ஒரு படம், விலையோடு. போன ஞாயிறு அலங்காநல்லூரிலிருந்து ஒருவர் வீட்டு நெய் போட்டார், பழங்காநத்தத்திலிருந்து ஒரு பொண்ணு சேலை ஃபால்ஸ் தைத்துத் தருவதாகப் போட்டாள். சாயங்காலத்துக்குள் அவளுக்கு ஒன்பது சேலை வந்துவிட்டது. அதில் ஆறு நான் விற்றவை.